செத்தவன் பேரில் ஓர் அர்ச்சனை!

ட்ர்ர்ர்ரிங்... ட்ர்ர்ர்ரிங்...

ஸ்டூடியோவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேனுஜா பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம்! வெண்பனி வானொலியின்ர 'உங்கள் தீர்ப்பு' நிகழ்ச்சி. ஆர் கதைக்கிறியள்?"

"பேரெல்லாம் எதுக்குப் பிள்ளை? அவளைத் தூக்கில போடச் சொல்லுங்கோ!"

"அம்மா... ஜெர்மனியில தூக்கு இல்லை."

"இல்லையோ? அப்ப இருக்கிற நாடொண்டுக்கு அனுப்பச் சொல்லுங்கோ!"

டொக்!

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வசந்த்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான்.

திருச்சிப் பையன். ஆஹெனில் இன்ஜினியரிங் படிப்பு. இப்போது பீலெஃபெல்டில் ஒரு கம்பெனியில் பயிற்சி. சனிக்கிழமை மதியங்களில் மட்டும், தமிழ்க் கடையின் மாடியில் இயங்கும் இந்த வானொலிக்குச் சவுண்ட் இன்ஜினியர். சம்பளம்? ஒரு கொத்து ரொட்டி. முட்டை போட்டது!

தேனுஜா பீலெஃபெல்டிலேயே வளர்ந்தவள். வயது இருபத்திரண்டு. வாரநாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் தொழிற்பயிற்சி. சனிக்கிழமை நாக்குக்குப் பயிற்சி.

ட்ர்ர்ர்ரிங்...

"வணக்கம், சொல்லுங்கோ!"

"பாரிஸில இருந்து கதைக்கிறன் தங்கச்சி. அவள் கோர்ட்டில ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லையாமே? மனுசன் செத்து அழாத பொம்பிளையை எப்பிடிக் குற்றவாளி இல்லையெண்டுறது?"

"போன கிழமை அழுதவ அண்ணை. பேப்பரில படமே வந்தது."

"அழுதவளோ?" ஒரு விநாடி யோசனை. "அப்ப அது நடிப்பு!"

டொக்!

அழுதால் நடிப்பு... அழாவிட்டால் கல் நெஞ்சு... அடுத்த அழைப்பு!

"பிள்ளை, ரொறொன்ரோவில இருந்து கதைக்கிறன்."

வயதான குரல். வெற்றிலை மெல்லும் குரல். தேனுஜா சிரித்துவிட்டாள்.

"நீங்களோ அம்மா! போன கிழமையும் எடுத்தனீங்கள்."

"ஓம். பாட்டு சத்தம் கூட எண்டு சொன்னனான். இண்டைக்கும் கூடத்தான்."

"இண்டைக்காவது பேரைச் சொல்லுங்கோவன்."

"சொல்லமாட்டன். போன் கார்ட்டை முடிக்கிறன் எண்டு மகள் ஏசுவாள். ஒண்டே ஒண்டு கேக்கிறன். அந்தப் பெட்டை மண்வெட்டியால அடிச்சதை ஆரும் கண்டதோ?"

"இல்லை அம்மா..."

"பேந்தென்ன கோதாரிக்கு எல்லாரும் தீர்ப்புச் சொல்லுறியள்?"

டொக்!

தேனுஜா சட்டென்று ஒரு பாட்டைத் தட்டிவிட்டாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

அந்தக் 'கறிவேப்பிலைத் தோட்டக் கொலை' எட்டு மாதங்களாக ஊரையே ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது!

கனகலிங்கம். நகரத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு வாடகைத் தோட்டம் வைத்திருந்தவர். கண்ணாடிக் கூட்டுக்குள் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் வளர்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்தவர். கடந்த ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன்காரி தக்காளிக்குத் தண்ணீர் விட வந்தாள்.

வந்தவள் வீறிட்டாள்!

கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் கனகலிங்கம் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்து... பக்கத்தில் மண்வெட்டி.

வெள்ளிக்கிழமை பின்னேரமே உயிர் போய்விட்டது என்றார்கள் டாக்டர்கள். மண்வெட்டியில் ஒரே ஒருவருடைய கைரேகை என்றது போலீஸ்.

மனைவி அன்ரனிற்றாவுடையது!

"தோட்டம் கொத்திறதே நான்தான் ஐயா," என்று அழுதாள் அவள். "அவர் வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் போட்டு, அங்கயிருந்து அப்பிடியே பாரிஸுக்குப் போறன், செவ்வாய் வருவன் எண்டவர். நான் அவர் பாரிஸில எண்டுதானே இருந்தனான்!"

யார் நம்பினார்கள்?

யாழ்ப்பாணத்தில் இருந்த குடும்ப வளவை, அதாவது வீட்டு நிலத்தை, அவள் பெயருக்கு எழுதுவதாகச் சொல்லிவிட்டு, பிறகு கனகலிங்கம் மனம் மாறியிருக்க வேண்டும், அந்த ஆத்திரத்தில் அடித்துவிட்டாள் என்றது அரசுத் தரப்பு. ஜெர்மன் பேப்பர்கள் முதல் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டன. பஸ்ஸில், டாக்டர் வீட்டு வரிசையில், பள்ளிக்கூட வாசலில்... எங்கும் அதே பேச்சு. ஜெர்மன்காரர்கள் தமிழர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். தமிழர்கள் அன்ரனிற்றாவைப் பார்த்தார்கள்.

அவர்களுக்கு மண்வெட்டி கூடப் பெரிதில்லை. தேர்தான் பெரிது!

கனகலிங்கம் செத்தது வெள்ளி. கோயில் தேர்த்திருவிழா ஞாயிறு. அன்று அன்ரனிற்றா பட்டுச்சீலை கட்டி, பூ வைத்து வந்தாள். குருநகரில் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் சாமி முன்னால் நின்று, கணவன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்தாள்.

செத்தவன் பேரில் அர்ச்சனை! கொன்றுபோட்டு வந்து அர்ச்சனை!

அதைத்தான் ஊர் மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை தீர்ப்பு. ஆயுள்தண்டனை உறுதி என்று பேப்பர்கள் முன்கூட்டியே அச்சுக் கோத்துவிட்டன. அவளுடைய ஏழு வயது மகள் கொறற்றி, இப்போது பெரியப்பா சிறீதரன் வீட்டில். தண்டனை விழுந்தால் பிள்ளை நிரந்தரமாக அவருக்குத்தான்.

சிறீதரன், கனகலிங்கத்தின் அண்ணன். கோயிலில் முதல் ஆள். தம்பிக்கு நீதி கேட்டு ஊர் ஊராகப் பேசியவர்.

இன்றைய நிகழ்ச்சியின் சிறப்பு விருந்தினரும் அவரே!

"தேனுஜா! ஒரு நிமிஷம் இங்க வாங்க!" வசந்த்குமார் கண்ணாடியைத் தட்டினான்.

"என்ன? பாட்டு முடியப் போகுது."

"அடுத்தது பன்னிரண்டு நிமிஷப் பக்திப் பாட்டு போட்டுட்டேன். அந்த ரொறொன்ரோ பாட்டிம்மா திட்டினா நான் பொறுப்பு. இதக் கேளுங்க. போன வாரம் கீழ கடை வாசல்ல நீங்க மைக்க நீட்டி எடுத்தீங்களே, அந்தப் பொதுமக்கள் கருத்து. இத எடிட் பண்ணச் சொன்னீங்க. ஒரு இடம் எனக்குப் புரியல."

"உமக்கு எங்கட தமிழ் எப்பதான் விளங்கினது?"

"கிண்டல் பண்ணாதீங்க. கேளுங்க!"

அவன் அழுத்தினான். கடை வாசல் இரைச்சல் கேட்டது. கதவு மணி... யாரோ வெங்காயம் பொறுக்கும் சத்தம்... பிறகு குரல்கள்.

"பட்டுச்சீலையப்பா! மாம்பழக் கலர்!"

"தலையில பூ வேற!"

"எனக்கு அப்பவே அவளின்ர முழியில சந்தேகம்!"

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு கனத்த ஆண் குரல். சிறீதரன்.

"நான் கூடப் பிறந்தவன். தேரண்டு துடக்குக் காத்து கோயில் வாசல்ல நிண்டனான். வடத்தில கை வைக்கேல்லை. விபூதி கூட வாங்கேல்லை. இவள் என்னடாவெண்டால் உள்ளுக்கு நிண்டு செத்தவன்ர பேரில அர்ச்சனை செய்யிறாள்!"

"சிவ சிவா! பாத்தியளே அண்ணனின்ர பாசத்தை!"

வசந்த்குமார் நிறுத்தினான்.

"நல்லாத்தானே சொல்லுறார். இதில என்ன விளங்கேல்லை?"

"துடக்குன்னா என்னங்க?"

"ஐயோ கடவுளே! உங்கட ஊரில என்ன சொல்லுவியள்... தீட்டு! செத்த வீட்டுத் தீட்டு. ஆம்பிளை வழிச் சொந்தத்தில ஆரும் செத்தால் முப்பத்தொரு நாளைக்குக் கோயிலுக்குள்ள போகேலாது. சாமிக்குக் குற்றம்."

"ஓ... தீட்டா. எங்க வீட்லயும் உண்டு. அப்ப தம்பி செத்ததால இவரு கோயிலுக்குள்ள போகல."

"ஓம். அதைத்தான் சொல்லுறார்."

"தேர் என்னைக்கு?"

"ஞாயிறு."

"பாடி கெடச்சது?"

"செவ்..."

தேனுஜாவின் வாய் அப்படியே திறந்து நின்றது.

பக்திப் பாட்டில் மிருதங்கம் அதிர்ந்தது.

"செவ்வாய்..." என்றாள் மெதுவாக.

"அப்ப ஞாயித்துக்கிழமை, தம்பி செத்துட்டார்னு இவருக்கு யார் சொன்னாங்க?"

"ஒருத்தருக்கும் தெரியாது வசந்த்... அவர் பாரிஸில எண்டுதானே எல்லாரும் இருந்தது..."

"கடை வாசல்ல எத்தன பேர் நின்னீங்க?"

"நான் மைக்கையே பிடிச்சுக்கொண்டு நிண்டனான். தலையையும் ஆட்டினனான்!"

எட்டு மாதமாக ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் பேசிப் பேசி, எது முதலில், எது பிறகு என்று யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போயிருந்தது. அவள் பட்டுச்சீலையின் கலர் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கிழமை யாருக்கும் ஞாபகம் இல்லை!

தேனுஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு நல்ல ஞாபகம். அந்த வெள்ளிக்கிழமை காலமை கூட சிறீதரன் அண்ணை சாமி தூக்கினவர். ஞாயிறு வடம் பிடிக்கச் சொல்லிக் கூப்பிட, நாரி பிடிச்சிட்டுது, குனிய ஏலாது எண்டு ரோட்டுப் பக்கமே நிண்டவர். எங்கட ரேடியோ ஞானம் அண்ணை தைலம் கூடக் குடுத்தவர்!"

"இடுப்பு வலிக்காரன் விபூதி வாங்கக் கூடாதா? கையத்தானே நீட்டணும்?"

"கொலை செய்திட்டு வந்து... துடக்குக் காத்திருக்கிறார்!"

"கொலை பண்றதுக்குப் பயமில்ல. தீட்டோட கோயிலுக்குள்ள போகத்தான் பயமா? சூப்பர் பக்திங்க!"

"அன்ரனிற்றா அக்கா தன்ர மனுசன் உயிரோட இருக்கிறார் எண்டபடியாலதான் அர்ச்சனை செய்தவ. தெரிஞ்சவன் வெளியில நிண்டவன். தெரியாதவள் உள்ளுக்கு நிண்டவள். நாங்கள் தலைகீழாப் பாத்திருக்கிறம்!"

"சரி, வக்கீலுக்கு போன் போடுங்க. அந்த அம்மா நம்பர்தான் இருக்கே. வீடும் பக்கத்துத் தெருதான்."

"ஜெர்மன்காரிக்குத் துடக்கை எப்பிடி விளங்கப்படுத்துறது? திங்கள் தீர்ப்புக்கு நாள் வைச்சாச்சு. 'அவர் கோயில் வாசல்ல நிண்டவர்' எண்டால், 'காத்து வாங்க நிண்டிருப்பார்' எண்டுவினம். வேற ஏதும் வேணும்..."

படிக்கட்டில் காலடிச் சத்தம்!

கனமான சப்பாத்துகள். அவற்றோடு சின்னச் சின்னக் காலடிகள்.

இருவரும் கதவைப் பார்த்தார்கள்.

"வணக்கம் பிள்ளையள்!"

சிறீதரன். கறுப்புக் கோட். நெற்றியில் அழுத்தமான மூன்று விபூதிக் கோடுகள். ஒரு கையில் குடை. மறு கையில்...

கொறற்றி!

பிள்ளையின் கை அந்தப் பெரிய கைக்குள் காணாமல் போயிருந்தது. அந்தக் கை... மண்வெட்டி பிடித்த கையா?

"என்ன பிள்ளை, பேயைக் கண்ட மாதிரி?"

"இல்லை அண்ணை... மைக் பழுதாப் போச்சு, அதான்..."

"மைக் நல்லாத்தான் இருக்கு," என்றான் வசந்த்குமார், உண்மையைப் பேசியே பழகிய முட்டாள். அவள் அவன் காலை மிதித்தாள். "ஆ! இப்பதான்... இப்பதான் சரியாச்சு."

சிறீதரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்களில் ஏதோ ஓடியது.

வானொலியின் சொந்தக்காரர் ஞானசுந்தரம் தேநீரோடு உள்ளே வந்து, கோப்பையைச் சிறீதரனுக்கு முன்னால் வைத்தார். அவருக்கு எதுவும் தெரியாது. தேனுஜா அவசரமாகச் சொன்னாள்.

"ஞானம் அண்ணை, பிள்ளையைக் கீழ கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோவன். ஐஸ்கிறீம் வாங்கிக் குடுங்கோ."

"தேவையில்லை." சிறீதரனின் குரல் கத்தரித்தது. "அவள் இஞ்சயே இருக்கட்டும். அவளும் ரெண்டு வார்த்தை கதைக்கட்டும். பிள்ளையின்ர வாயால சனம் கேக்கவேணும்."

கொறற்றி தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்!

தேனுஜா ஒரு விநாடிதான் யோசித்தாள்.

"சின்னப்பிள்ளையளின்ர குரல் போடுறதெண்டால் அன்ராக் போட வேணும் அண்ணை. நாலு பக்கம். மூண்டு மாசம் செல்லும்."

அன்ராக்! அரசாங்கத்துக்கு விண்ணப்பம்! அந்தச் சொல்லைக் கேட்டால் ஜெர்மனியில் எந்தத் தமிழனும் மறுபேச்சுப் பேசமாட்டான்.

சிறீதரன் கையை விட்டார்.

"போ. கெதியா வா."

பிள்ளை படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் தேனுஜா மூச்சு விட்டாள். வசந்த்குமாரின் பக்கம் குனிந்து, உதடு அசையாமல் கிசுகிசுத்தாள்.

"வக்கீல் அம்மாவுக்கு எடும். ரேடியோவைக் கேக்கச் சொல்லும். பொலீசையும் கூப்பிடச் சொல்லும்."

"என் ஜெர்மன் ரொம்ப மோசங்க! ஆஹென்ல கிளாஸ் எல்லாம் இங்கிலீஷ்ல!"

"கொலைகாரன் எண்ட சொல்லாவது தெரியுமோ?"

"அது தெரியும். பேப்பர்ல தினமும் வருதே!"

பக்திப் பாட்டு முடிந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது!

"நேயர்களே, எங்களோட இப்ப சிறீதரன் அண்ணை இருக்கிறார். அண்ணை, போன கிழமை நீங்கள் கடை வாசல்ல சொன்னதை ஒருக்காக் கேப்பமோ?"

"கேப்பம். ஊர் கேக்கட்டும்."

கனத்த குரல் ஸ்டூடியோவை நிறைத்தது. 'தேரண்டு துடக்குக் காத்து கோயில் வாசல்ல நிண்டனான்...' சிறீதரன் கண்களை மூடி, பெருமையோடு தலையாட்டினார்.

"துடக்கெண்டால் உள்ளுக்குப் போகேலாது. என்ன அண்ணை?"

"பின்ன? கூடப் பிறந்தவனெல்லோ! சாமிக்குக் குற்றம் செய்யலாமோ?"

"தம்பியைக் கண்டெடுத்தது என்ன கிழமை அண்ணை?"

"செவ்வாய்."

"தேர்?"

"ஞா..."

நின்றுவிட்டது!

சிறீதரனின் கண்கள் திறந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வசந்த்குமார் போனைக் காதில் வைத்துக்கொண்டு கையையும் காலையும் ஆட்டி ஜெர்மன் பேசிக்கொண்டிருந்தான்.

தேனுஜா விடவில்லை.

"ஞாயிறு காலமை உங்கட தம்பி செத்திட்டார் எண்டு உங்களுக்கு எப்பிடி அண்ணை தெரியும்?"

அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பிறகு சிறீதரன் சிரித்தார். மெல்ல, அழகாக, ஒரு மூத்தவருடைய சிரிப்பு.

"பிள்ளை, நீ பிழையா விளங்கிட்டாய். அது தம்பியின்ர துடக்கில்லை."

"அப்ப ஆரின்ர துடக்கு?"

"எங்கட பெரியம்மா. அப்புவின்ர தமையன்ர மனிசி. வன்னியில இருந்தவ. தேருக்கு முதல்நாள் மோசம் போனவ. அதுதான் வாசல்ல நிண்டனான்."

தேனுஜா மனசுக்குள் உறவுக் கணக்குப் போட்டாள். பெரியப்பாவின் மனைவி என்றால் துடக்கு உண்டு!

"அண்டைக்கு நாரிப்பிடிப்பு எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"திருவிழா நேரம் செத்தவீட்டுக் கதை சொல்லிச் சனத்தின்ர மனசைக் குழப்பக் கூடாதெண்டு அப்பிடிச் சொன்னனான். பாவம் பெரியம்மா... போன் வசதி கூட இல்லாத இடம். ஆரோ வழிப்போக்கர்தான் செய்தி சொல்லிவிட்டது."

கண்ணைக் கூடத் துடைத்தார்!

எவ்வளவு கச்சிதமான பொய்! வன்னிக் காட்டுக்குள் ஒரு கிழவி செத்தாளா இல்லையா என்று பீலெஃபெல்டில் யார் போய்ப் பார்ப்பது? தீர்ப்போ திங்கட்கிழமை.

தேனுஜாவின் ஹெட்போனுக்குள் வசந்த்குமாரின் குரல் மட்டும் கேட்டது. "பேரக் கேளுங்க. செத்தவங்களுக்குப் பேர் இருக்குமே!"

"பெரியம்மாவின்ர பேர் என்ன அண்ணை? நேயர்கள் அஞ்சலி செலுத்துவினம்."

"மங்கையற்கரசி," என்றார் சிறீதரன். குரலைத் தழதழக்கவிட்டு. "தங்கமான மனுசி. எங்களைத் தூக்கி வளத்தவ."

"அவவின்ர ஆத்மா சாந்தியடைய..." என்று தேனுஜா தோல்வியோடு ஆரம்பித்தாள்.

ட்ர்ர்ர்ரிங்...

ட்ர்ர்ர்ரிங்... ட்ர்ர்ர்ரிங்...

"வணக்கம், வெண்பனி வானொலி..."

"பிள்ளை! ரொறொன்ரோவில இருந்து கதைக்கிறன்."

"அம்மா, பாட்டு சத்தத்தைப் பேந்து கதைப்பம். இப்ப ஒரு அஞ்சலி..."

"அஞ்சலியை நிப்பாட்டு! நீ பேர் கேட்டனியெல்லே? இப்ப சொல்லுறன் கேள். நான் மங்கையற்கரசி!"

சிறீதரனின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை நழுவியது.

டங்ங்!

"டேய் சிறீ! நான் எப்பயடா செத்தனான்?"

"பெ... பெரியம்மா... நீங்கள் வன்னியில..."

"சண்டை நிண்டு வன்னிப் பாதை திறந்த கையோட மகள் என்னைக் கனடாவுக்கு எடுத்திட்டாள். வேதக்காரனைக் கட்டினவள் எண்டு நீ அவளோட கதைக்கிறேல்லை, அதால உனக்குத் தெரியேல்லை! இஞ்ச குந்தியிருந்து பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறன்ரா. அதுக்குள்ள என்னைச் சாக்காட்டிப் போட்டாய்!"

"இல்லைப் பெரியம்மா, ஆரோ பிழையாச் சொல்லி..."

"பொத்து வாயை!" பெருங்கடலைத் தாண்டி வந்தது அதட்டல். "நான் சாகேல்லை. வேற ஒருத்தரும் சாகேல்லை. அப்ப தேரண்டு ஆரின்ர துடக்கடா காத்தனி?"

தேனுஜா மைக்கை அவர் பக்கம் தள்ளினாள்.

பீலெஃபெல்டில், பாரிஸில், லண்டனில், ஒஸ்லோவில்... சமையலறைகளில் அகப்பைகள் அந்தரத்தில் நின்றன.

"சொல்லடா! ஆரின்ர துடக்கு?"

சிறீதரன் எழுந்தார். முகம் சிவந்து, நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து வழிந்தது.

"நிப்பாட்டு! உதை நிப்பாட்டு!"

"தம்பியின்ரதானே அண்ணை?" தேனுஜா மேசைக்கு மேலாக முன்னால் குனிந்தாள். "அன்ரனிற்றா அக்காவை ஜெயிலுக்கு அனுப்பி, அவவின்ர பிள்ளையையும் கையில பிடிச்சுக்கொண்டு வாறியளே... எப்பிடி அண்ணை?"

"உனக்கென்னடி தெரியும்?" அவர் மேசையில் ஓங்கி அடித்தார். "அப்பு கிணறு வெட்டின வளவு! அம்மா விளக்கு வைச்ச வீடு! அதைக் கொண்டுபோய் வேதக்காரியின்ர பேருக்கு எழுதப் போறானாம்! மனம் மாறினவனோ? அவன் எங்க மாறினான்? தோட்டத்தில வைச்சுக் கையெடுத்துக் கும்பிட்டன். கேக்கேல்லை! சிரிச்சவன்! எனக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு கறிவேப்பிலை புடுங்கினவன்..."

சட்டென்று நிறுத்தினார்.

அண்ணாந்து பார்த்தார்.

சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது!

அவர் கதவை நோக்கிப் பாய்ந்தார். திறந்தார். அப்படியே நின்றார்.

படிக்கட்டில் இரண்டு போலீஸ்காரர்கள். அவர்களுக்குப் பின்னால், மழையில் நனைந்த கோட்டோடு அன்ரனிற்றாவின் வக்கீல் அம்மா.

"அவர்தான்!" என்று வசந்த்குமார் கண்ணாடிக்குள்ளிருந்து ஜெர்மனில் கத்தினான். ஒரு இலக்கணப் பிழையும் இல்லை!

*

திங்கட்கிழமை தீர்ப்பு வரவில்லை.

சிறீதரனின் கார் டிக்கியில் விரித்திருந்த கார்ப்பெட்டைப் போலீஸ் கழற்றியது. அடிப்பக்கத்தில் காய்ந்துபோன ரத்தம். தோட்டக் கையுறைகளை அங்கேதான் சுருட்டி வைத்திருந்தாராம். கனகலிங்கத்தின் ரத்தம்தான் என்றது லேப்.

துடக்கு என்றால் என்னவென்று நீதிபதிக்கு விளக்க வக்கீல் அம்மாவுக்கு ஒரு முழுக் காலை பிடித்தது. விளங்கியதும் நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாராம்.

அன்ரனிற்றா வெளியே வந்தாள். கோர்ட் வாசலில் கொறற்றி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அன்று இருவரும் அழுதார்கள். யாரும் நடிப்பு என்று சொல்லவில்லை. பாரிஸ் அண்ணை மட்டும் என்ன சொன்னாரோ தெரியாது.

அடுத்த சனிக்கிழமை, தமிழ்க் கடை வாசல்.

"எனக்கு அப்பவே அந்தாளின்ர முழியில சந்தேகம்!"

"பாவம் பெட்டை, பட்டுச்சீலை கட்டினது ஒரு குற்றமே? மாம்பழக் கலர் நல்லாத்தான் இருந்தது!"

"நான் முதலே சொன்னனான், அவள் செய்திருக்க மாட்டாள் எண்டு!"

கடைக் கதவு மணி அடித்தது. அன்ரனிற்றா, மகளோடு உள்ளே நுழைந்தாள். பேச்சு பொட்டென்று நின்றது. ஒருத்தி மட்டும் பல்லெல்லாம் தெரிய முன்னால் வந்தாள்.

"வா பிள்ளை, வா! சுகமா இருக்கிறியோ?"

அன்ரனிற்றா அவளை உற்றுப் பார்த்தாள்.

"சுகமா இருக்கிறன் அக்கா. உங்கட குரலைக் கேட்ட உடன தெரிஞ்சிட்டுது. வக்கீல் அம்மா நிகழ்ச்சியின்ர கசற்றைத் தந்தவ, முழுக்கக் கேட்டனான். தூக்கு இருக்கிற நாடு ஏதும் கண்டுபிடிச்சிட்டியளோ?"

அக்காவின் பல் உள்ளே போனது. கையிலிருந்த முருங்கைக்காய் மட்டும் வெளியே நின்றது.

அன்ரனிற்றா அவளைத் தாண்டிப் போனாள். ஒரு கட்டுக் கறிவேப்பிலையை எடுத்தாள். முகர்ந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கூடைக்குள் போட்டாள்.

மாடியில் தேனுஜாவும் வசந்த்குமாரும் கொத்து ரொட்டியைப் பிரித்தார்கள். இன்றைக்கு முட்டையோடு ஆட்டிறைச்சியும் போட்டு அனுப்பியிருந்தார் ஞானசுந்தரம்.

"பதவி உயர்வுங்க!" என்றான் வசந்த்குமார்.

"சும்மா இரும். நிகழ்ச்சிக்குப் பேர் மாத்தவேணும். 'உங்கள் தீர்ப்பு' வேண்டாம்."

"'உங்கள் பாட்டு'ன்னு வைங்க. யாரும் சாகமாட்டாங்க."

ட்ர்ர்ர்ரிங்...

சிவப்பு விளக்கு. தேனுஜா ரொட்டியை அவசரமாக விழுங்கினாள்.

"வணக்கம், வெண்பனி வானொலி!"

"ரொறொன்ரோவில இருந்து மங்கையற்கரசி கதைக்கிறன் பிள்ளை. உன்ர பாட்டு சத்தம் இண்டைக்கு அளவா இருக்கு."

"சந்தோசம் அம்மா! வேற என்ன விசேசம்?"

"ஒரு உதவி செய். ஜெயிலில அவன் சிறீயைக் கண்டால் ஒண்டு கேட்டுச் சொல்லு."

"என்ன அம்மா?"

"நான் செத்திட்டனெண்டு கோயிலுக்கே போகாமல் துடக்குக் காத்தவனெல்லோ... என்ர எட்டுச்செலவுக்கு, எட்டாம் நாள் படையலுக்கு, எனக்குப் பிடிச்ச நண்டுக்கறி வைச்சவனோ, இல்லையோ?"